பெற்றோரை உள்ளே அழைத்துச் சென்றவர்

(பொதுக்காலத்தின் 13-ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி வாசகம்: மாற்கு 5:21-43)

மருத்துவமனையில் பிள்ளையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செல்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்து யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்குத் தனி வணக்கம். இன்றைய மறையுரை முதலில் உங்களுக்குத்தான்.

இன்றைய நற்செய்தியில் ஒரு தகப்பன் வருகிறார். பெயர் யாயிர். தொழுகைக்கூடத் தலைவர். ஊரில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கும் மனிதர். அப்படிப்பட்டவர் கூட்டத்தின் நடுவே இயேசுவின் காலில் விழுகிறார். மகள் சாகக் கிடக்கிறாள். பிள்ளைக்கு ஒன்று என்றால் பதவியும் மதிப்பும் எங்கே போகும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். எந்த வாசலிலும் நிற்போம், யார் காலையும் பிடிப்போம்.

இயேசு புறப்பட்டு வருகிறார். வழியில் இன்னொரு நோயாளி குறுக்கிடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண். பல மருத்துவர்களிடம் போய், கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து, நோய் குறையாமல் கூடிப்போனது என்று மாற்கு எழுதுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதைதான். ஆனாலும் நகையை அடகு வைத்து மருத்துவம் பார்த்த குடும்பங்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதைபோலத்தான் இருக்கும். இயேசு நின்று அந்தப் பெண்ணின் கதை முழுவதையும் கேட்கிறார். அவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே யாயிரின் வீட்டிலிருந்து ஆள் வருகிறது. பிள்ளை இறந்துவிட்டாள், இனிப் போதகருக்கு எதற்குத் தொந்தரவு என்கிறார்கள்.

இதுவரை நமக்குத் தெரிந்த கதை. இதற்குப் பிறகு இயேசு செய்யும் காரியங்களைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். மறையுரைகளில் நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்து போய்விடும் இடம் அது. நானும் பல ஆண்டுகள் கடந்து போயிருக்கிறேன்.

முதலில், வீட்டை நிறைத்து அழுதுகொண்டும் ஓலமிட்டுக்கொண்டும் இருந்தவர்களை அவர் வெளியே அனுப்புகிறார். இரண்டாவதாக, சிறுமியின் தந்தையையும் தாயையும், தம்மோடு வந்த பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையும் கூட்டிக்கொண்டு அவள் இருந்த அறைக்குள் போகிறார். மூன்றாவதாக, அவள் கையைப் பிடித்து, வீட்டில் பேசும் மொழியில் அவளைக் கூப்பிடுகிறார். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, அந்த அரமேயச் சொற்களை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார். தாய் தன் மகளைக் காலையில் எழுப்பும்போது சொல்லும் சொற்கள் அவை. நான்காவதாக, அவள் எழுந்து நடந்ததும், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். இதை யாருக்கும் பரப்ப வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொல்கிறார்.

சாவை வென்ற ஆண்டவருக்கு அந்த அறையில் பெற்றோர் தேவையா? அவர் தனியாக உள்ளே போய், பிள்ளையை எழுப்பி, கையில் பிடித்து வெளியே கூட்டிவந்து கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தம் பிள்ளைக்கு நடப்பதைத் தாயும் தகப்பனும் அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்று விரும்பினார். எழுந்தவளுக்கு முதல் கவளத்தை ஊட்டும் வேலையையும் வீட்டாரிடமே விட்டார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒரு குற்றத்தை அறிக்கையிட வேண்டும்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒரு நாள் மாலை பூசை முடிந்து வரும்போது, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சாமி, புள்ளைக்கு ரொம்ப முடியல. ஞானஸ்நானம் குடுக்கணும்" என்றார். ஏழாம் மாதத்தில் பிறந்த ஆண் குழந்தை. அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

வார்டு வாசலில் அந்தத் தாய் நின்றாள். பிரசவமாகி ஒன்பதாவது நாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது நாளும் கதவின் கண்ணாடி வழியாகத்தான் பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும், அதற்குள் இருக்கும் முகம் தெரியாது. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவாளாம். அதைக் கொடுத்தார்களா, கொட்டினார்களா என்பதும் அவளுக்குத் தெரியாது.

எனக்கு அங்கி கொடுத்தார்கள். முகக்கவசமும் கையுறையும் கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்கள். நான் போனேன். சில துளித் தண்ணீர் ஊற்றி, திருமுழுக்குக் கொடுத்தேன். பெயர் என்ன என்று வெளியே கேட்டுவர மறந்துவிட்டேன். அந்தோணி என்று நானே வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அந்தத் தாய் என் கையையே பார்த்தாள். "சாமி, எம்புள்ள ஒடம்பு சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் கையுறை போட்டிருந்தேன். ஆனாலும் "ஆமாம்மா, சூடாத்தான் இருந்துச்சு" என்று சொன்னேன். அன்று இரவு அந்தக் குழந்தை இறந்தது. அவள் முதல் முறையாக அவனைத் தூக்கியபோது அவன் உடம்பில் சூடு இல்லை.

அந்த மருத்துவமனையில் யாரும் கொடியவர்கள் அல்ல. அன்று இருந்த விதி அது. குறைமாதக் குழந்தையின் உடம்புக்குக் கிருமியை எதிர்க்கும் பலம் போதாது. வெளியாள் வந்தால் தொற்று வரும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு சாமியாருக்கு ஒரு அங்கி இருந்தது. பெற்றவளுக்கு ஓர் அங்கி இல்லை. அதைவிடப் பெரிய குற்றம் என்னுடையது. "இவங்களையும் என்னோட கூட்டிட்டுப் போறேனே" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைக் குருமடத்தில் கிரேக்கத்தில் படித்தவன் நான். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, பிள்ளைகளின் மருத்துவமனையில் பெற்றோருக்கு இடம் எங்கே என்ற கேள்வி உலகம் முழுவதும் எழுந்த கேள்வி. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, நோயுற்ற குழந்தையைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள், சில மணி நேரம் என்றுதான் பெற்றோருக்கு அனுமதி இருந்தது. அம்மா வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே வராமலிருப்பதே நல்லது என்று நினைத்தார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளருக்கு அந்த அமைதியின் மேல் சந்தேகம் வந்தது. 1952-இல், சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். அவள் கூச்சல் போடும் பிள்ளை இல்லை. பொறுமையான பிள்ளை. ஆனால் நாள் போகப் போக அவள் முகம் மாறுவதைப் படத்தில் பார்க்கலாம். முதலில் பிள்ளை அழுது எதிர்க்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்கிப் போகிறது. கடைசியில் அம்மா வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பதுபோல் மனம் விலகிக்கொள்கிறது. அதைத்தான் பெரியவர்கள், பிள்ளை பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றார் ராபர்ட்சன்.

அந்தப் படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் படத்தை மறுக்க முடியவில்லை. 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரை செய்தது. அதற்கும் முன்பே, 1920-களில், நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் தாய்மாரைப் பிள்ளைகளோடு மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார். ஒரு மனிதர் செய்து காட்டியதை நாடு ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குறைமாதக் குழந்தைகளின் கதை நம்மைப் போன்ற ஏழை நாடு ஒன்றில் தொடங்கியது. தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. 1978-ஆம் ஆண்டு. பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். தொற்று பரவியது. பிள்ளைகள் இறந்தார்கள். எட்கர் ரே என்ற மருத்துவர் தாயின் நெஞ்சையே பெட்டியாக்கினார். குழந்தையின் வெறும் உடம்பு தாயின் வெறும் மார்பில் படும்படி கட்டி வைத்து, தாய்ப்பால் கொடுக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பதுபோல இருப்பதால் இன்றும் அதைக் கங்காரு முறை என்கிறோம். வசதி இல்லாத இடத்தில், வேறு வழியின்றிச் செய்ததுதான் அது. இன்று பணக்கார நாடுகளிலும் அதைச் செய்கிறார்கள்.

ஆனாலும் ஒரு தயக்கம் பாக்கி இருந்தது. குழந்தை ஓரளவு தேறிய பிறகுதான் தாயிடம் கொடுக்க வேண்டும், மிகவும் முடியாமல் இருக்கும்போது பெட்டிதான் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். உலக நலவாழ்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள். இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு பகுதிக் குழந்தைகளை, பிறந்த உடனேயே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாயின் அல்லது வீட்டார் ஒருவரின் நெஞ்சில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான முறை. 2021-இல் முடிவு வெளியானது. வழக்கமான முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தார்கள். உடனே நெஞ்சில் வைத்த குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். நான்கில் ஒரு பங்கு இறப்பு குறைந்தது. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். தொற்று கூடும் என்று பயந்தார்கள் அல்லவா? அதுவும் குறைந்தே இருந்தது.

நம் நாட்டில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. டெல்லியில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் ஆர்த்தி மரியா என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் பெற்றோரைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். சும்மா வரவிடவில்லை. பாடம் நடத்தினார்கள். கை எப்படிக் கழுவுவது, குழந்தையை எப்படித் தொடுவது, பாலை எப்படிப் புகட்டுவது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். படிக்காத தாய்மாருக்கும் புரியும்படி படம் போட்டுக் காட்டினார்கள். இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்தபோது, பெற்றோர் உள்ளே வந்ததால் தொற்று கூடவில்லை. தாய்ப்பால் மட்டும் குடித்து வீடு திரும்பிய குழந்தைகள் அதிகமானார்கள். 2017-இல் மத்திய அரசு இந்த முறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனமும், குறைமாதக் குழந்தைகளின் அன்றாடப் பராமரிப்பில் குடும்பம் பங்கெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதில் பாட்டிமார் சிரித்துக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. உறிஞ்சிக் குடிக்கத் தெரியாத சிறு குழந்தைக்குப் பால் புகட்ட, நம் மருத்துவமனைகளில் மூக்குள்ள சிறு கிண்ணம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தை மருத்துவ நூல்களில் அதன் பெயர் பாலாடை. நம் வீட்டுப் பாலாடையேதான். சங்கிலும் பாலாடையிலும் பால் புகட்டிய அந்தக் கைப்பழக்கம் இன்று மருத்துவப் பாடமாக இருக்கிறது.

இப்போது சிலர் கேட்கலாம். "சாமி, நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஆளுக்கா பஞ்சம்? ஒரு நோயாளிக்கு நாலு பேர் இருக்கோமே" என்று. உண்மைதான். பனகல் சாலையில் நம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். கட்டைப்பை, பிளாஸ்க், தூக்குவாளி, பாய். இரவில் மரத்தடியில் படுத்து, விடியலில் வரிசையில் நிற்பவர்கள். துணைக்கு ஆள் இருப்பது நமக்குப் புதிதல்ல. இன்னும் சொல்லப்போனால், குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் பாடத்தை நம் நாடு மற்ற நாடுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் வீட்டாரைத் தங்க வைத்தார். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. அங்கும் வீட்டார் உடன் தங்குவதே வழக்கமானது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துணைக்கு இருப்பது வேறு, பங்கெடுப்பது வேறு. சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். இரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடுகிறோம். தள்ளுவண்டியையும் தள்ளுகிறோம். ஆனால் பிள்ளைக்கு என்ன நோய், இந்த ஊசி எதற்கு, நாளை என்ன நடக்கும் என்று கேட்டால் பல பெற்றோருக்குத் தெரியாது. "டாக்டர் சொன்னாரு, நமக்கு என்ன புரியும்" என்பார்கள். குடும்பத்தின் காலுக்கு வேலை இருக்கிறது, காதுக்கும் வாய்க்கும் வேலை இல்லை. யாயிர் அந்த அறைக்குள் எடுபிடியாகப் போகவில்லை. தகப்பனாகப் போனார். குடும்பத்தை மையமாக வைத்த மருத்துவம் என்பதன் பொருள் இதுதான். பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பெற்றோரைக் கேட்க வேண்டும். பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளையின் கையைப் பிடிக்கும் இடத்தை அவர்களுக்கு விட வேண்டும்.

நாளை ஜூலை 1, மருத்துவர் நாள். மருத்துவர்களையும் செவிலியர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். ஒரே இரவில் ஒரு செவிலியர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அவர்களிடம் கோபப்பட அல்ல இந்த மறையுரை. அவர்களுடைய பாரத்தில் ஒரு கை கொடுக்கப் பெற்றோரால் முடியும் என்று சொல்லத்தான்.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கப்பலூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். மனைவிக்கு எட்டாம் மாதமே பிரசவமாகிவிட்டது. குழந்தை 1,400 கிராம். தாய்க்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. செவிலியர் இவரைக் கூப்பிட்டு, "அண்ணே, கையை நல்லாக் கழுவிட்டு, சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறார். இவருடைய தாயார், "இதெல்லாம் ஆம்பள செய்யிற வேலையா?" என்று வெளியே நின்று முணுமுணுத்தாராம். அந்த இளைஞர் என்னிடம் சொன்னார்: "சாமி, மொத நாள் மூச்சு விடவே பயந்தேன். இரும்பு தூக்குற கையி. ரெண்டாவது நாள் எம்மேலேயே தூங்கிட்டா. மூணாவது நாள் எங்கம்மாவே, நீ போய்க் குளிச்சிட்டு வா, நேரமாச்சுங்கிறாங்க." அந்தக் குழந்தைக்குச் சென்ற மாதம் நம் கோவிலில் திருமுழுக்குக் கொடுத்தேன். இந்த முறை பெயரைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் வைத்தேன்.

பிரியமானவர்களே, இனி நமக்கு வருவோம். இயேசு அந்த அறைக்கு வெளியே அனுப்பியவர்கள் யார்? அக்கம்பக்கத்தாரும் சொந்தபந்தமும்தான். நம்மைப் போன்றவர்கள். ஒரு வகையில் பார்த்தால், பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு வைத்தவர் ஆண்டவர்தான். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் பார்க்கப் போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களே என்று ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கும்பலாகப் போகிறோம். தெருச் செருப்போடும் இருமலோடும் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். "எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் மகனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்று கதை சொல்கிறோம். அந்தத் தாய் நமக்குக் காபி வாங்கிக் கொடுக்க ஓடுகிறாள். வெளியே வந்து, பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுச் செபிக்கச் சொல்கிறோம். யாருக்கும் பரப்ப வேண்டாம் என்று ஆண்டவர் கண்டிப்பாகச் சொன்னதை மறந்துவிடுகிறோம். எழுந்து நடந்த பிள்ளையையே அவர் வேடிக்கைப் பொருளாக்க விடவில்லை. படுத்திருக்கும் பிள்ளையை நாம் அப்படி ஆக்கலாமா?

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? இரண்டாம் வாசகத்தில் புனித பவுல், தங்களிடம் மிகுதியாக இருப்பதை இல்லாதவர்களோடு பகிர்ந்துகொள்ளும்படி கொரிந்து மக்களைக் கேட்கிறார். நம்மிடம் மிகுதியாக இருப்பது எது? சிலரிடம் பணம். சிலரிடம் நேரம். சிலரிடம் ஒரு இருசக்கர வண்டி. அன்பியக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறது என்றால், வீட்டில் இன்னொரு பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்குத் தலை சீவிச் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஒருவர். வாசல்வரை போய்ச் சோற்றைக் கொடுத்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிவர ஒருவர். தந்தைக்கு அன்றாடக் கூலி போகிறது. தாயோடு அவரும் இருக்க வேண்டிய நாளுக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் அந்தக் கூலியை ஈடு செய்ய முடியுமா என்று பார்க்கட்டும். நம் இளைஞர்கள் இரத்தம் கொடுக்கட்டும். காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கட்டும்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. தீட்டு, பச்சை உடம்பு என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் பிரிக்காதீர்கள். மகன் பிள்ளையை நெஞ்சில் வைத்தால் கேலி செய்யாதீர்கள். பெற்றோர்களே, மருத்துவரிடம் கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல. கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "நான் என்ன செய்யலாம், எனக்குக் கத்துக்குடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். கையைக் கழுவச் சொன்னால் கழுவுங்கள். வெளியே இருக்கச் சொன்னால் காரணம் கேட்டு, அதற்குக் கட்டுப்படுங்கள். கதவை உடைத்து உள்ளே போகச் சொல்லவில்லை. கதவருகே நின்று கேட்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான வேளையில் குரு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருச்சபையின் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியாரின் பெயரால் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். தாயும் கொடுக்கலாம், தகப்பனும் கொடுக்கலாம், செவிலியரும் கொடுக்கலாம். இதை அன்று நான் அந்தத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்காத ஆண்டு இல்லை.

உரோமையில் பம்பினோ ஜேசு என்ற குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. குழந்தை இயேசு என்பது அதன் பொருள். 1869-இல் சால்வியாத்தி குடும்பத்தார் தொடங்கினார்கள். 1924-இல் அதைத் திருத்தந்தைக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தங்கள் உண்டியலில் சேர்த்த காசைத் தாயின் பிறந்தநாளுக்குக் கொடுத்ததிலிருந்துதான் அது தொடங்கியது என்று சொல்வார்கள். நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பெரியவர்களால் முடியாததை அவர்கள் தொடங்கி வைக்கலாம்.

சாவு கடவுளின் கைவேலை அல்ல என்று இன்றைய முதல் வாசகம் சொல்கிறது. எல்லாப் பிள்ளைகளும் யாயிரின் மகளைப்போல் எழுந்து நடப்பதில்லை. கூடவே இருந்தும் பிள்ளையை இழந்த பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் கை உங்கள் கைக்குள் இருந்தது. அது சூடாக இருந்ததா என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆண்டவர் அந்த அறையில் உங்களோடு இருந்தார். இன்னும் இருக்கிறார்.

அந்தத் தாய் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த வானொலி அவள் காதில் விழுந்தால், அம்மா, என்னை மன்னித்துவிடு. உன் பிள்ளையின் உடம்பில் நான் கை வைத்தேன். அந்தக் கை உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

செபிப்போம். யாயிரின் வீட்டுக்குள் நுழைந்த ஆண்டவரே, இன்று மதுரையிலும் சுற்று ஊர்களிலும் நோயுற்றுப் படுத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் அறைக்குள்ளும் வாரும். வரும்போது வாசலில் நிற்கும் தாயையும் தகப்பனையும் உம்மோடு கூட்டிக்கொண்டு வாரும். மருத்துவர்களுக்குப் பொறுமையையும், செவிலியர்களுக்குப் பலத்தையும் தாரும். எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது வெளியே நிற்க வேண்டும் என்ற அறிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.